பார்க்காததை எழுதாதவர்

அந்த அம்மாவின் ஆங்கிலத்தில் பதினோரு பிழைகள் இருந்தன. எடப்பாடிக்காரர் ஒருவருக்காக அவர் தட்டச்சு செய்து கொடுத்த மேல்முறையீட்டு மனு அது. எப்படியோ ஒரு நகலை வாங்கிவந்து, சாப்பாட்டு மேசையில் விரித்து, சிவப்புப் பென்சிலால் ஒவ்வொரு பிழைக்கும் அடிக்கோடு போட்டேன். பதினொன்றாவது கோட்டைப் போட்டபோது மனசுக்கு இதமாக இருந்தது. இன்னொரு டம்ளர் காபி கேட்டு வாங்கிக் குடித்தேன். சில மாதங்களில் அந்த மனு ஜெயித்துவிட்டது.

நான் ராணுவத்தில் சுபேதாராக ஓய்வுபெற்றவன். முதல் எட்டு வருஷம் பீரங்கிப் படையில் பீரங்கியோடு நின்றேன். அப்புறம் கடைசிவரை அலுவலக எழுத்தர். ராணுவத்தைவிட்டு வெளியே வருகிறவனுக்கு அடியோ நோயோ இருந்தால் ஒரு மருத்துவக் குழு சோதித்துப் பார்க்கும். உடம்பில் எத்தனை சதவீதம் ஊனம், அது பணியால் வந்ததா இல்லையா என்று எழுதும். இருபதுக்குக் கீழே எழுதிவிட்டாலோ, பணியால் வந்ததல்ல என்று எழுதிவிட்டாலோ ஊன ஓய்வூதியம் கிடையாது. அதை எதிர்த்து மேல்முறையீடு செய்யலாம். எந்த விதி, எந்தப் படிவம், எத்தனை மாதத்துக்குள் என்பதெல்லாம் எனக்கு மனப்பாடம். வீடு புதுச்சத்திரத்தில். நாமக்கல்லில் எங்கள் முன்னாள் படைவீரர் சங்கத்துக்கு நான்தான் செயலாளர். மாதக் கூட்டம் நடக்கும் ஞாயிற்றுக்கிழமையில் என் மேசைக்கு முன்னால் கோப்பும் கையுமாக ஆட்கள் வரிசையில் நிற்பார்கள். "சுபேதாருங்க" என்று கூப்பிடுவார்கள். அது எனக்குப் பிடித்திருந்தது. ரொம்பவே பிடித்திருந்தது.

அந்த வரிசை ஒரு வருஷத்துக்குள் பாதியானது. அடுத்த வருஷம் இரண்டு மூன்று பேர்தான் நின்றார்கள். அவர்களும் அடையாள அட்டை புதுப்பிக்க வந்தவர்கள்.

"எல்லாரும் எங்கப்பா போறீங்க?" என்று ஒருவரைப் பிடித்துக் கேட்டேன்.

"டைப்பம்மாகிட்டப் போறமுங்க. அந்த லாரிப் பட்டறை மாடியில, வக்கீல் ஆபீஸு." சொல்லிவிட்டு அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை.

டைப்பம்மா என்றுதான் எல்லோரும் அவரைச் சொன்னார்கள். சேலம் டவுனில் ஒரு கிறிஸ்தவக் குடும்பம். தினமும் பஸ்ஸில் நாமக்கல் வந்து போவார். லாரி விபத்து இழப்பீட்டு வழக்குகள் நடத்தும் வக்கீலிடம் இருபது வருஷத்துக்கு மேல் தட்டச்சு வேலை. அவருடைய தம்பி சிப்பாயாக இருந்து முதுகெலும்பில் அடிபட்டு வீட்டுக்கு வந்தபோது, பணியால் வந்ததல்ல என்று கடிதம் வந்திருக்கிறது. வக்கீலுக்கு ராணுவ விதி தெரியாது. அந்த அம்மாவே படித்துப் படித்து எழுதி, இரண்டாவது மேல்முறையீட்டில் ஜெயித்தார். தம்பி தன் நண்பனிடம் சொன்னான். நண்பன் இன்னொருவனிடம் சொன்னான்.

நான் முதல்முறை அங்கே போனது வேவு பார்க்கத்தான். சங்கக் கடிதம் ஒன்றைத் தட்டச்சு செய்ய வேண்டும் என்று சாக்கு வைத்துக்கொண்டேன். கீழே பட்டறையில் லாரிக்குத் தகடு அடித்துக்கொண்டிருந்தார்கள். மாடியறையே அதிர்ந்தது. ஐம்பது வயசிருக்கும் அவருக்கு. ஒல்லி. கைத்தறிச் சேலை, கழுத்தில் சிலுவை கோத்த மெல்லிய சங்கிலி. அவர் ஏதோ கேட்டார். நான் தலையாட்டினேன். என்னை ஒரு கணம் பார்த்துவிட்டு எழுந்து, நாற்காலியை இழுத்துக்கொண்டு மேசையின் இந்தப் பக்கம் வந்து உட்கார்ந்து, மறுபடியும் கேட்டார். மின்விசிறிக் காற்றுக்காக இடம் மாறுகிறார் என்று நினைத்தேன்.

அப்போது அங்கே உட்கார்ந்திருந்தவர்தான் அந்த எடப்பாடிக்காரர். காஷ்மீரில் சரிவில் உருண்டு முழங்கால் போனது. மருத்துவக் குழு இருபதுக்குக் கீழே எழுதியிருந்தது. அவர் சரிவைப் பற்றி விவரமாகச் சொல்ல ஆரம்பித்தார். எத்தனை அடி ஆழம், எத்தனை கிலோ மூட்டை என்றெல்லாம்.

"அது கோப்புல இருக்குண்ணே," என்றார் அந்த அம்மா. "இப்ப என்ன முடியல?"

"எல்லாஞ் செய்யறனுங்க. தறி ஓட்டறேன், சந்தைக்குப் போறேன்."

"அப்ப சனிக்கிழமை வாரேன்."

"எதுக்குங்க?"

"பார்க்கத்தான். பார்க்காம நான் எழுத மாட்டேன்."

அவ்வளவுதான் அவருடைய வித்தை. சனிக்கிழமை எடப்பாடிக்குப் போய், விசைத்தறிக் கொட்டகையில் ஒரு ஸ்டூலைப் போட்டு, ஒரு ஷிப்டு முழுக்க உட்கார்ந்திருந்தார். மனுவில் முழங்கால் வலி என்ற சொல்லே இல்லை. பாவு நூல் அறுந்தால் தறிக்கு அடியில் குனிந்து முடிச்சுப் போட வேண்டும். அன்றைக்குப் பதினாறு முறை அறுந்தது. பதினாறு முறையும் இவருடைய மனைவி தன்னுடைய தறியை நிறுத்திவிட்டு வந்து இவர் தறிக்கு அடியில் போனார். இவர் சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்படித்தான் எழுதியிருந்தது. வீட்டில் அவர் சாப்பிட உட்காரும் பலகையைத் தையல்காரர் வைத்திருக்கும் டேப்பால் அளந்து உயரத்தையும் எழுதியிருந்தார். நான் சிவப்புக் கோடு போட்ட மனு அதுதான். மறு மருத்துவக் குழு சதவீதத்தை உயர்த்தியது.

ஏன் இந்தப் பிடிவாதம் என்று பின்னால் ஒருநாள் கேட்டேன். அவர் வேலைக்குச் சேர்ந்த புதிதில் லாரி கிளீனர் ஒருவனுக்காக 'வலது கையைத் தூக்க முடியாது' என்று தட்டச்சு செய்தாராம். கோர்ட்டில் எதிர்த்தரப்பு வக்கீல் பேசிக்கொண்டே சாவிக்கொத்தை அவன் பக்கம் வீசினார். அவன் வலது கையை உயர்த்திப் பிடித்துவிட்டான். வழக்கு அங்கேயே முடிந்தது.

"அந்தப் பையன் பொய் சொல்லல சார்," என்றார். "அவனால தூக்க முடியும். தூக்கினதை ஒரு நிமிஷம் மேல வெச்சிருக்கத்தான் முடியாது. நான் அதைப் பார்க்கல. எல்லாருக்கும் அடிக்கிற மாதிரி அவனுக்கும் அடிச்சிட்டேன்."

இதைச் சொல்லும்போதும் தட்டச்சுப் பலகையிலிருந்து கையை எடுக்கவில்லை. யாரையும் தட்டிக்கொடுத்துப் பேசமாட்டார். ஆறுதல் சொல்லமாட்டார். மத்தியானம் ஒருவர் அழுதுகொண்டிருக்கும்போதே டிபன் பாக்ஸைத் திறந்து தயிர்ச்சோறு சாப்பிட்டதைப் பார்த்திருக்கிறேன். விதிகளும் சரியாகத் தெரியாது. முதல் மேல்முறையீட்டுக்கும் இரண்டாவதுக்கும் உள்ள வித்தியாசத்தையே குழப்பிக்கொள்வார். அதெல்லாம் எனக்குத் தெரிந்த விஷயங்கள். இருந்தும் ஆட்கள் அந்த மாடிப்படியில்தான் ஏறினார்கள். நான் பஸ்ஸில் அந்தப் பக்கம் போகும்போதெல்லாம் வாசலில் எத்தனை செருப்பு கிடக்கிறது என்று பார்ப்பேன்.

வாழப்பாடிக்காரர் ஒருவர் அவரிடமிருந்து திரும்பி என்னிடம் வந்தார். அன்றைக்கு எனக்குத் தலைகால் புரியவில்லை. லீவில் ஊருக்கு வந்தபோது பைக்கில் விழுந்து தோள்பட்டை இறங்கியவர். பணியில் இருக்கும்போது பனிமலையில் விழுந்ததாக எழுதச் சொல்லியிருக்கிறார். அந்த அம்மா மறுத்துவிட்டார்.

"அந்தம்மாவுக்கு என்ன சார் தெரியும்? நீங்க ஆர்மிக்காரர், நீங்க எழுதுங்க," என்றார்.

எழுதினேன். பனிப்புயலையும் சரிவையும் கடமை உணர்வையும் போட்டு மூன்று பக்கம். என் வாழ்க்கையில் அவ்வளவு அழகாக நான் எழுதியதில்லை. பதில் இரண்டே வரியில் வந்தது. மனுதாரர் குறிப்பிடும் தேதியில் அவர் விடுப்பில் இருந்ததாகப் பதிவேடு சொல்கிறது. விடுப்புப் பதிவேட்டைப் பல வருஷம் கையால் எழுதியவன் நான். அதை யோசிக்கவே இல்லை.

அவர் வெட்கத்தோடு மறுபடி அந்த மாடிக்குப் போனார். அந்த அம்மா தோளைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லையாம். "சித்திரை வெயில்ல எதுக்கு சாக்ஸ் போட்டிருக்கீங்க?" என்று கேட்டிருக்கிறார். கழற்றிக் காட்டினால் இடது காலில் இரண்டு விரல் கறுத்துச் சுருங்கிப்போயிருந்தது. உறைபனியில் வெந்தது. ராணுவ மருத்துவமனையில் பத்து நாள் படுத்திருக்கிறார். ஊரில் அருவருப்பாகப் பார்ப்பார்கள் என்று யாரிடமும் காட்டவில்லை. அந்த மருத்துவமனைக் குறிப்பைத் தகவல் உரிமைச் சட்டத்தில் கேட்டு வாங்கி, அந்த அம்மா மனு போட்டார். அது ஜெயித்தது.

அதே சாக்ஸோடுதான் அந்த மனிதர் என் வீட்டுக்கு நான்கு முறை வந்தார். என் எதிரில் கால்மேல் கால் போட்டு உட்கார்ந்திருந்தார்.

நானும் அந்த அம்மாவைப்போலச் செய்து பார்த்தேன். இதை யாரிடமும் சொன்னதில்லை. ராசிபுரத்தில் முதுகுவலிக்காரர் ஒருவர் வீட்டுக்குப் போய் நோட்டுப் புத்தகமும் கையுமாக இரண்டு மணி நேரம் உட்கார்ந்தேன். இரண்டு தடவை காபி கொடுத்தார்கள். அவர் எழுந்தார், உட்கார்ந்தார், போனில் பேசினார். எனக்கு ஒன்றும் தட்டுப்படவில்லை. வீட்டுக்கு வந்து 'மனுதாரர் கடும் வலியால் அவதிப்படுகிறார்' என்று எழுதிவிட்டு வெகுநேரம் அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

என் இடது காதும் போய்விட்டது; வலது காதும் அரைகுறைதான். பீரங்கிச் சத்தம். காது மந்தமானதால்தான் பீரங்கியிலிருந்து என்னை அலுவலகத்துக்கு மாற்றினார்கள். ஓய்வுபெறும்போது மருத்துவக் குழு எனக்கும் இருபதுக்குக் கீழேதான் எழுதியது; பணியால் வந்ததல்ல என்றும் எழுதியது. நான் மேல்முறையீடு செய்யவில்லை. "நீங்க ஒண்ணு எழுதிக்கறதுதானுங்களே?" என்று வீட்டில் கேட்கும்போதெல்லாம், காலம் தாண்டிவிட்டது என்பேன். தாமதத்தைப் பொறுத்தருளக் கேட்டு மனு போடலாம் என்பதை எத்தனையோ பேருக்குச் சொல்லியிருக்கிறேன். ஊருக்கெல்லாம் எழுதிக் கொடுக்கிறவன் தன் மனுவிலேயே தோற்றால் என்ன ஆவது? அந்தப் பயம்தான்.

ஒரு சனிக்கிழமை காலை கதவைத் திறந்தால் வாசலில் குடையை மடக்கிக்கொண்டு அந்த அம்மா நிற்கிறார்.

"நான் ஒண்ணும் கேக்கலையே," என்றேன்.

"அக்கா கேட்டாங்க," என்று சொல்லிவிட்டு என்னைத் தாண்டி உள்ளே போனார்.

என் மனைவி சேலத்துக்கு ஜவுளி எடுக்கப் போனபோது பஸ்ஸில் அவரோடு பழக்கமாகியிருக்கிறது. எனக்குத் தெரியாது. அன்று மத்தியானம்வரை அவர் சமையல்கட்டில் ஒரு முக்காலியில் உட்கார்ந்திருந்தார். நான் கூடத்தில் செய்தித்தாளை முகத்துக்கு முன்னால் விரித்துப் பிடித்தபடி ஒரே பக்கத்தைப் படித்தேன். அவர் என்னிடம் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

பத்து நாளில் தட்டச்சுப் பக்கங்கள் வந்தன. 'மனுதாரர் முதல்முறை என் அறைக்கு வந்தபோது இடது பக்கத்திலிருந்து நான் கேட்ட கேள்விக்குத் தலையை மட்டும் ஆட்டினார். வலது பக்கம் மாறி உட்கார்ந்து கேட்டபின் பதில் சொன்னார்' என்று ஆரம்பித்தது. மின்விசிறிக்காக அல்ல. அடுத்து, என் மனைவி என்னைக் கூப்பிடுவதற்குத் தட்டைத் தரையில் தட்டுகிறாள், அந்தக் காலையில் மட்டும் ஏழு முறை. குக்கர் சத்தம் எனக்குக் கேட்பதில்லை. அவள் குளிக்கப் போகும்போது அடுப்பை அணைத்துவிட்டுப் போகிறாள். மனைவி சொன்னது என்று தனியாகக் குறித்து இன்னும் இரண்டு: கல்யாண வீட்டில் என் இடது பக்க நாற்காலியில் யாரும் உட்காராதபடி தன் பையை வைத்துவிடுகிறாள். நெடுஞ்சாலையைக் கடக்கும்போது இடது முழங்கையைப் பிடித்துக்கொள்கிறாள். இடமிருந்து வரும் லாரி எனக்குக் கேட்காது என்பதால்.

அந்த வரியில் நின்றுவிட்டேன். அவள் என் கையைப் பிடிப்பது பாசத்தால் என்று இத்தனை வருஷம் நினைத்துக்கொண்டிருந்தேன்.

"ஏன் எங்கிட்ட ஒருக்காகூடச் சொல்லல?" என்று கேட்டேன்.

"நீங்க கேக்கலீங்களே," என்றாள். "அவங்க கேட்டாங்க."

அன்று எனக்கு வந்தது கோபமா அழுகையா என்று சொல்லத் தெரியவில்லை. பொறாமை என்றுதான் சொல்ல வேண்டும். என் வீட்டில் இத்தனை வருஷம் நான் பார்க்காததை ஒருத்தி முக்காலியில் உட்கார்ந்து ஒரு காலையில் பார்த்துவிட்டாள். சிவப்புப் பென்சிலை எடுத்தேன். ஒன்பது பிழைகள் கிடைத்தன. திருத்திக் கொடுத்தனுப்பினேன். அவர் திரும்ப அடித்து அனுப்பினார். கையெழுத்துப் போட்டேன்.

முதல் மேல்முறையீடு தள்ளுபடியானது.

கடிதத்தைப் படித்தபோது என் நெஞ்சுக்குள் ஏதோ துள்ளியது. அது துக்கமில்லை. அன்றைக்கே சட்டையை மாட்டிக்கொண்டு நாமக்கல் பஸ் ஏறினேன். மாடிப்படியை இரண்டிரண்டாக ஏறியிருப்பேன் போல, மூச்சு வாங்கியது. கடிதத்தை அவர் முன்னால் வைத்து, "என்னம்மா பண்றது, உங்க மனுவும் தோத்துப்போச்சு," என்றேன். குரலில் வருத்தத்தைக் கொண்டுவரப் பாடுபட்டேன்.

அவர் கடிதத்தைப் படித்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"சந்தோஷமா இருக்கீங்க," என்றார்.

"சேச்சே, என்ன பேசறீங்க? என் கேஸும்மா இது."

"பார்த்தேன் சார்."

கீழே தகடு அடிக்கும் சத்தம் கேட்டுக்கொண்டே இருந்தது. நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன். அவர் கோபப்பட்டிருந்தால், இரண்டு வார்த்தை கடுமையாகச் சொல்லியிருந்தால் எனக்கு லேசாக இருந்திருக்கும். கடிதத்தை மடித்துக் கோப்பில் வைத்துவிட்டு, என் வலது பக்கம் வந்து நின்றார்.

"நான் பார்த்ததை எழுதினேன். அது பத்தல. உங்க காது பீரங்கியாலதான் போச்சுன்னு நான் பார்க்கல, அதனால எழுத முடியல. அதுக்கு எங்க என்ன காகிதம் இருக்கும்னு உங்களுக்குத்தான் தெரியும். இரண்டாவது மனுவுல அந்தப் பக்கத்தை நீங்க எழுதுங்க."

எழுதினேன். பீரங்கியிலிருந்து என்னை எழுத்தராக மாற்றிய உத்தரவு, அதற்குமுன் என் மருத்துவத் தகுதியைக் குறைத்த குறிப்பு, எங்கள் படைப்பிரிவின் சுடும் பயிற்சிப் பதிவு. எந்த அலமாரியில் என்ன பெயரில் இருக்கும் என்று எனக்குத் தெரியும். ஒவ்வொன்றாகக் கேட்டு வாங்கினேன். புயல், கடமை உணர்வு எதுவும் போடாமல் ஒரே பக்கம். அவர் அதைப் படித்துவிட்டு, "ம்," என்றார். அவரிடமிருந்து யாரும் அதற்குமேல் வாங்கியதில்லை என்று பிறகு விசாரித்துத் தெரிந்துகொண்டேன்.

மறு மருத்துவக் குழுவுக்குக் கூப்பிட்டார்கள். காதை மறுபடி அளந்தார்கள். சதவீதம் இருபதைத் தாண்டியது. பணியால் வந்தது என்று எழுதினார்கள். உத்தரவில் நான் எழுதிய பக்கத்தைக் குறிப்பிட்டு ஒரு பத்தி இருந்தது. அதை மனைவிக்கு மூன்று முறை படித்துக் காட்டினேன். ஆனால் குழுவில் இருந்த இளம் டாக்டர் என்னை வெளியே அனுப்பும்போது ஒன்றே ஒன்றுதான் சொன்னார். "அந்தத் தட்டு விஷயத்தைப் படிச்சேன் சார். அம்மாவுக்கு என் வணக்கம் சொல்லுங்க." அவர் சொன்ன அம்மா என் மனைவியா, டைப்பம்மாவா என்று நான் கேட்கவில்லை. இருவருக்கும் சொல்லவும் இல்லை.

போன ஐப்பசியில் அந்த அம்மா இறந்துபோனார். காய்ச்சல் என்று படுத்தவர், ஒரு வாரத்தில் முடிந்துவிட்டது. சேலத்தில் அவர்களுடைய கோயிலில் பூசை முடிந்து கல்லறைத் தோட்டத்துக்குப் போனோம். சொந்தக்காரர்கள் கொஞ்சம் பேர்தான். மற்றபடி தோட்டம் முழுக்க எங்கள் ஆட்கள். ஊன்றுகோலோடு வந்தவர்கள், ஒரு கை சட்டைக்குள் ஆடாமல் கிடக்கிறவர்கள், கறுப்புக் கண்ணாடி போட்டவர்கள். சங்கக் கூட்டத்துக்கு இத்தனை பேர் ஒருநாளும் வந்ததில்லை.

குழியை மூடியபிறகு புங்கமரத்தடியில் நின்று பேசிக்கொண்டிருந்தார்கள். எங்கள் வீட்டில் அந்த அம்மா இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார் என்று ஆளுக்கொன்று சொன்னார்கள். திருச்செங்கோட்டுக்காரர் ஒருவர், ஆழ்துளைக் கிணறு போடும் ரிக் வண்டியில் வேலை பார்க்கிறவர், "எங்க ஊட்டுக்கு மூணு தடவ வந்தாங்க," என்றார்.

"எங்க ஊட்டுக்கு நாலு தடவை வந்திருக்காங்க," என்றார் பக்கத்தில் இருந்தவர்.

என் வீட்டுக்கு ஒரே ஒரு முறைதான் வந்தார். இத்தனை நாள் அதை ஒரு குறையாக நினைத்ததே இல்லை. அந்த மரத்தடியில் அது என்னைச் சுட்டது. அவர் உயிரோடு இருந்தவரை அவர்மேல் பொறாமைப்பட்டேன். இப்போது அவரை அதிகம் பார்த்தவர்கள்மேல்.

"எங்க ஊட்டுக்கு அஞ்சு தடவை," என்றேன்.

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். "அப்படீங்களா, சுபேதாருங்க!" என்றார் திருச்செங்கோட்டுக்காரர். பக்கத்தில் நின்றிருந்த என் மனைவி என் முகத்தைப் பார்ப்பது தெரிந்தது. அவள் மறுத்துச் சொல்லிவிடுவாளோ என்று எனக்கு வேர்த்தது. அவள் ஆட்டோ பார்க்க வாசல் பக்கம் நடந்தாள்.

பஸ் ஸ்டாண்டுக்கு ஆட்டோவில் போகும்போது கேட்டாள். "ஏனுங்க, உங்களுக்கு யாரு சொன்னாங்க?"

"என்னத்தை?"

"அவங்க அஞ்சு தடவை வந்தது."

நான் அவள் பக்கம் திரும்பினேன்.

"மனுவுக்கு வந்தது ஒருக்கா. அதுக்கப்புறம் நாலு தடவை வந்தாங்க. சாயங்காலம் நாமக்கல்லுல இருந்து போறப்ப நம்மூர்ல எறங்கி, அடுத்த பஸ்ஸுல போவாங்க. நீங்க சங்கத்துக்குப் போயிருப்பீங்க."

"என்ன கேட்டாங்க? என்னைப் பத்தி என்ன சொன்ன?"

அவள் சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"உங்களைப் பத்தி ஒண்ணும் பேசலீங்க," என்றாள்.